டிராக்டரில் பாரம் தூக்குவது எப்படி: புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

தை, மாசியில் அறுவடை முடிந்தால் செட்டிநாட்டு ஊர்களில் டிராக்டருக்கு உழவு வேலை ஓய்ந்துவிடும். மழையையும் கண்மாயையும் நம்பி ஒரு போகம் போடுகிற ஊர்கள். அடுத்த உழவுக்கு ஆடி, ஆவணி ஆகும். அதுவரை வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் தவணையை யார் கட்டுவது? அதனால் அது பாரம் தூக்கப் போகிறது. பிரிக்கிற வீட்டுக் கல்தூண், வாசற்படிக் கருங்கல், பர்மாத் தேக்கு உத்தரம், ஜெனரேட்டர், சீமைக் கருவேலந்தூர் என்று எது வந்தாலும், "நம்ம வண்டி தூக்கிரும்" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்.

தூக்கும், சந்தேகமில்லை. 45, 50 குதிரைத்திறன் வண்டிகளின் விளம்பரத் தாளில் தூக்கும் திறன் 1,500 கிலோ, 1,800 கிலோ என்று போட்டிருப்பார்கள். அந்த எண் எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற ஹைட்ராலிக்கின் பலம், அதுவும் லோயர் லிங்க்கின், அதாவது பின்னால் கருவி மாட்டுகிற கீழ்க் கைகளின், நுனியில் வைத்து அளந்தது. அவ்வளவு எடையைத் தூக்கும்போது முன்சக்கரம் தரையில் இருக்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. புதிதாக வண்டி எடுத்தவர்கள், ஹைட்ராலிக் முனகாமல் தூக்கியதும் "சரி, தாங்குது" என்று கியரைப் போட்டுவிடுகிறார்கள். வண்டி கவிழ்வதற்கு ஹைட்ராலிக் தோற்க வேண்டியதில்லை. அது நன்றாக வேலை செய்தாலே போதும்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் முன் அச்சைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பாரம் எங்கே தொங்குகிறது

பின்னால் தூக்கும் பாரத்துக்குப் பின் அச்சுதான் தாங்குமிடம். அச்சுக்குப் பின்னால் தொங்குவது வண்டியின் முகத்தை மேலே கிளப்பப் பார்க்கும். அச்சுக்கு முன்னால் இருக்கிற இன்ஜினும் முன் வெயிட்டும் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையில் சாலும் மறுமுனையில் கல்லும் கட்டியிருப்பார்களே, அதே கணக்குத்தான்.

எடையோடு தூரமும் சேர்ந்தது இந்தக் கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பின் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி 100 கிலோவைத் தொங்கவிட்டால் முன் அச்சிலிருந்து 50 கிலோ குறையும். அதே 100 கிலோவை 2 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் 100 கிலோவும் முழுதாகக் குறையும். கீழே இரண்டு லோயர் லிங்க்கும் மேலே ஒரு டாப் லிங்க்கும் சேர்ந்த மூன்று புள்ளி இணைப்பில் நீளமான கம்பத்தை மாட்டி அதன் நுனியில் கொக்கி போட்டுத் தூக்குகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். கம்பம் நீள நீள உயரம் கிடைக்கும், எட்டுகிற தூரமும் கிடைக்கும்; முன்சக்கரத்தின் பிடிதான் போய்க்கொண்டிருக்கும்.

முன்னால் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் லோடர் மாட்டிய வண்டியில் எல்லாம் தலைகீழ். அங்கே தாங்குமிடம் முன் அச்சு. பக்கெட்டில் பாரம் ஏற ஏறப் பின்சக்கரம் லேசாகும். இன்ஜின் பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் ஓட்டுகிற சாதாரண டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிய நிமிடம் உங்களுக்குப் பிரேக்கே இல்லை. பெடலை எவ்வளவு மிதித்தாலும் காற்றில் நிற்கிற சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது.

பக்கவாட்டுச் சாய்வுக்கு வேறொரு காரணம் உண்டு. முன் அச்சு அதன் நடுவில் உள்ள ஒரு பின்னை, அதாவது இரும்பு முளையை, சுற்றி ஆடுகிறது. வரப்பு ஏறும்போது ஒரு முன்சக்கரம் மேலும் மற்றது கீழுமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் வண்டியைப் பக்கவாட்டில் தாங்குவது இரண்டு பின்சக்கரங்களும் அந்த நடுப் பின்னும் சேர்ந்த முக்கோணம். நாலு சக்கரம் போட்ட சதுரம் அல்ல. பாரத்தை உயரத் தூக்கினால் வண்டியின் எடைமையமும் சேர்ந்து ஏறும். அப்புறம் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் அந்த மையம் முக்கோணத்துக்கு வெளியே போக அதிக நேரம் ஆகாது.

பாரத்தின் எடையைக் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள்

"ஒரு முந்நூறு கிலோ இருக்கும்" என்று வீட்டுக்காரர் சொல்வதை வைத்து எந்தக் காலத்திலும் வேலையைத் தொடங்க வேண்டாம். அளவு நாடாவை எடுங்கள். நம் பக்கம் எல்லாம் அடிக்கணக்கு என்பதால் கன அடியில் வைத்துக்கொள்வதே சுலபம். கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. கான்கிரீட் 68 கிலோ. காய்ந்த தேக்கு 18 முதல் 20 கிலோ. தண்ணீர் 28 கிலோ. ஆற்று மணல் காய்ந்திருந்தால் 45 கிலோவுக்குப் பக்கம், நனைந்திருந்தால் 50-ஐத் தாண்டிவிடும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி கனம் உள்ள படிக்கல் 6 கன அடி. எடை 450 கிலோ. 10 அடி உயரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமான கல்தூண் 10 கன அடி, 750 கிலோ. பார்வைக்கு அந்தத் தூண் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எட்டுப் பேர் உருட்டிவிடுகிற தூண்தான். ஆனால் உருட்டுவதும் தூக்குவதும் வேறு. 12 அடியில் ஒரு அடிச் சதுரத் தேக்கு உத்தரம் 240 கிலோவுக்குள் அடங்கும். ஆக, மரத்துக்குப் பயப்பட வேண்டாம், கல்லைத்தான் கவனிக்க வேண்டும். பாரம் மாட்டுகிற இரும்புச் சட்டம், சங்கிலி, கொக்கி எல்லாவற்றின் எடையையும் கூடவே சேருங்கள். சட்டம் மட்டும் 50, 60 கிலோ வரும்.

வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள்

புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நான் சொல்வது இதுதான், செய்கிறவர்கள் மிகக் குறைவு. காரைக்குடி, தேவகோட்டைச் சாலைகளில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், முழு வண்டியையும் ஒரு தடவை எடை போடுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு தடவை. மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், பிரேக்கை விட்ட நிலையில். இரண்டாவது சீட்டில் வருவதுதான் உங்கள் முன் அச்சின் எடை. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வைத்தாலும் தப்பில்லை.

இப்போது கணக்கு. முழு வண்டி 2,000 கிலோ, முன் அச்சு 750 கிலோ, அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீயரிங் பிடிக்க முன் அச்சில் வண்டியின் சொந்த எடையில் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது டிராக்டர்காரர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கிற அளவு. 2,000-க்கு 20 சதவீதம் 400. ஆக, முன் அச்சிலிருந்து நாம் இழக்கக்கூடியது 350 கிலோ மட்டுமே.

மேலே சொன்ன 450 கிலோ படிக்கல்லைச் சட்டத்தோடு தூக்குகிறோம். மொத்தம் 510 கிலோ. லோயர் லிங்க் நுனி பின் அச்சிலிருந்து கிட்டத்தட்ட 0.9 மீட்டர், கல்லின் நடு அதற்கும் அரை மீட்டர் பின்னால். ஆக 1.4 மீட்டர். 510-ஐ 1.4-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 357. முன் அச்சில் மிச்சம் 393 கிலோ. எல்லைக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டது.

1,800 கிலோ தூக்கும் என்று தாளில் போட்ட வண்டிக்கு, முன் வெயிட் இல்லாமல் 450 கிலோ கல்லே அதிகம்! இது நின்ற இடத்துக் கணக்கு. நகரும்போது ஒரு குழியில் விழுந்து எழுந்தால் அந்தக் கணத்தில் பாரம் இன்னும் கூடும், முன் அச்சில் இன்னும் குறையும்.

முன்னால் 100 கிலோ வெயிட் மாட்டினால் என்ன ஆகும்? வெயிட் முன் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் இருப்பதாக வைத்தால், பின் அச்சிலிருந்து அதன் தூரம் 2.6 மீட்டர். 100-ஐ 2.6-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க 130. மாட்டியது 100 கிலோ, முன் அச்சில் சேர்ந்தது 130 கிலோ. 393 இப்போது 523 ஆகிவிட்டது. நிம்மதியாக ஓட்டலாம். அதே 100 கிலோவோடு 750 கிலோ தூணைத் தூக்கப் போனால் மறுபடியும் எல்லைக்கு வெளியேதான் நிற்பீர்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு ஹைட்ரா என்கிற கிரேன் வண்டியைக் கூப்பிடுவதுதான் மரியாதை. வாடகை கூட, உண்மைதான்.

எந்தப் பக்கத்துக்கு எந்த எடை

எதிர் எடை என்றதும் நிறையப் பேர் பின் டயரில் தண்ணீர் ஏற்றுவதைத்தான் நினைக்கிறார்கள். தண்ணீர் நல்லதுதான். சேற்று உழவில் சக்கரம் வழுக்காது, பக்கவாட்டில் வண்டி இன்னும் ஊன்றி நிற்கும். ஆனால் பின்னால் பாரம் தூக்கும்போது முன்சக்கரம் கிளம்புவதை அது கொஞ்சம்கூடத் தடுக்காது. ஏனென்றால் அந்தத் தண்ணீர் இருப்பது சரியாகத் தாங்குமிடத்தின் மேல். தாங்குமிடத்தின் மேல் வைத்த எடை எந்தப் பக்கத்துக்கும் உதவாது. டயரில் தண்ணீர் இருக்கிறது என்ற தைரியத்தில் கல்லைத் தூக்குகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். எடைமேடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால்தான் நம்புவார்கள்.

எளிதாக நினைவில் வைக்க: பின்னால் தூக்கினால் எடை முன்னால், முன்னால் லோடரில் தூக்கினால் எடை பின்னால்.

முன்னால் மாட்டுவதற்குக் கம்பெனிகள் வார்ப்பிரும்பு வெயிட் கொடுக்கின்றன. கைப்பிடியோடு பெட்டி போலத் தனித்தனியாக வரும். முன்பக்கத் தாங்கியில் வரிசையாகக் கோத்து, குறுக்கே ஒரு நீள போல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். பழைய வண்டியோடு இவை வராமல் போயிருந்தால் உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் இதற்கு மாற்றாக நடக்கிற வேலை ஒன்று உண்டு. உடைந்த குந்தாணியையோ ஆட்டுக்கல்லையோ தூக்கிப் பம்பரில் வைத்துக் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். எடை என்னவோ எடைதான். ஆனால் சரளை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனதும் கம்பி தளரும், கல் மெதுவாகச் சுழன்று பம்பரின் விளிம்புக்கு வரும், விழுந்தால் நேராக முன்சக்கரத்துக்கு அடியில் விழும். மணல் மூட்டையும் அப்படியே. போல்ட் போட்டு இறுக்க முடியாத எதையும் முன்னால் வைக்காதீர்கள்.

லோடர் வைத்திருப்பவர்கள் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டக் கான்கிரீட் கட்டி ஒன்று வார்த்துக்கொள்ளலாம். 300 கிலோவைப் பின் டயருக்குள் தண்ணீராக ஏற்றினால் அது முன் அச்சிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் வேலை செய்கிறது. அதே 300 கிலோ பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் கட்டியாகத் தொங்கினால் 3 மீட்டர் தூரத்தில் வேலை செய்கிறது, ஒன்றரை மடங்கு பலன். கூடவே முன் அச்சின் சுமையிலிருந்து 150 கிலோவைக் குறைத்தும் கொடுக்கிறது. லோடர் வண்டிகளில் முன் அச்சின் பேரிங்கும் நடுப் பின்னும் சீக்கிரம் தேய்வதற்கு, பின்னால் கட்டி மாட்டாமல் ஓட்டுவதும் ஒரு காரணம்.

வார்ப்பது கடினமில்லை. 2 அடிக்கு 2 அடி, உயரம் ஒன்றரை அடி என்று பலகை அடைத்தால் 6 கன அடி, 400 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பழைய 200 லிட்டர் பேரலை நிரப்பினால் 480 கிலோ வரும். லோயர் லிங்க்கின் இரும்புப் பின்களை மாட்டும் குழாய்களையும் மேலே டாப் லிங்க் காதையும் வெறுமனே ஈரக் கான்கிரீட்டில் செருகிவிடாமல், உள்ளே கட்டிய கம்பிக் கூட்டோடு வெல்டிங் வையுங்கள். இல்லையென்றால் குலுக்கலில் காது மட்டும் கையோடு வந்துவிடும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், 28 நாள் வரை தூக்காதீர்கள். கட்டியின் மேல் பெயிண்டில் எடையை எழுதி வையுங்கள். வண்டியை இரவல் வாங்கிப் போகிற ஆளுக்கும் தெரியட்டும்.

டயரில் தண்ணீர் ஏற்றுவது லோடர்காரர்களுக்கும் சேற்று உழவுக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி திருப்புங்கள். வால்வுக் கருவை எடுத்துவிட்டு, காற்று வெளியேற வழியுள்ள இணைப்பை மாட்டித் தண்ணீரை விடுங்கள். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்து வழிந்தால் டயர் முக்கால் பங்கு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நிரப்பக் கூடாது. மிச்ச இடம் காற்றுக்கு. 13.6-28 அளவுள்ள டயரில் ஒன்றுக்கு 200 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க இதில் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். காரைக்குடியில் அந்தக் கவலை இல்லை.

மாட்டுவதும் கட்டுவதும்

முதலில் செக் செயினைப் பாருங்கள். லோயர் லிங்க் இரண்டும் பக்கவாட்டில் ஆடாமல் இறுக்கி வையுங்கள். இது தளர்ந்திருந்தால் பாரம் ஊஞ்சலாடும், ஆட்டம் வண்டிக்கும் வரும். லிங்க் கழன்றுவிடாமல் பூட்டுகிற லிஞ்ச் பின்னுக்குப் பதில் ஆணியோ வெல்டிங் ராடோ வளைத்துப் போட்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு நல்ல பின் போடுங்கள். இறங்கும் வேகத்தைக் குறைக்கிற குமிழ் உங்கள் வண்டியில் இருந்தால் மெதுவான பக்கம் திருப்புங்கள். பாரம் தூக்குவதற்குப் பொசிஷன் லிவரைத்தான் பயன்படுத்த வேண்டும். டிராஃப்ட் லிவர் உழவில் கலப்பையின் இழுவைக்கு ஏற்பத் தானாக ஏற்றி இறக்குவதற்கானது. பாரம் தூக்கும்போது அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

கூடிய மட்டும் தொங்கவிட்டுத் தூக்காதீர்கள். லோயர் லிங்க் இரண்டிலும் மாட்டிய தட்டையான சட்டத்தின் மேல் பாரத்தை உட்காரவைத்துக் கட்டினால் ஆட்டமே இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே தளம் உயர்த்திக் கட்டியவை, டிராக்டர் உள்ளே போக வழியில்லை. கல்லை உருளை வைத்துக் கடப்பாரையால் நகர்த்தி வாசல் வரை கொண்டுவந்துவிட்டால், திண்ணை உயரத்துக்குச் சட்டத்தைத் தூக்கி வைத்து நேராக அதன்மேல் தள்ளலாம். தரையிலிருந்து தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல். தள்ளும் ஆட்கள் கல்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும், சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவில் அல்ல. கல் ஏறியதும் கட்டுவதற்கு முன்பே சட்டத்தைத் தாழ இறக்கிவிடுங்கள்.

நீளமான தூணைக் குறுக்குவாட்டில் வையுங்கள். பின்னோக்கி நீட்டி வைத்தால் அதன் நடு அச்சிலிருந்து வெகுதூரம் போய்விடும், மேலே போட்ட கணக்கு அத்தனையும் வீண். குறுக்கே வைத்தால் தெருவை அடைக்கும், மின்கம்பத்தில் இடிக்கும், ஆள் ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். நடக்கட்டும்.

பலகைக்கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் விரிசல் விடும். அழுத்தினால் கருங்கல் எதையும் தாங்கும், வளைத்தால் தாங்காது. கனம் மேலே தெரியும்படி நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி முட்டுக் கொடுங்கள். நிமிர்த்திய கல் சாயாதபடி இரண்டு பக்கமும் ஆப்பு வேண்டும்.

தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் தேங்காய்க் கயிறும் கொடிகட்டுகிற நைலான் கயிறும் வேண்டாம். பாலியஸ்டர் தூக்குப் பெல்ட் கடைகளில் கிடைக்கிறது. நிறத்தை வைத்தே தாங்கும் எடை தெரியும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். கல்லின் விளிம்பு படுகிற இடத்தில் பழைய டயர்த் துண்டையோ மடித்த சாக்கையோ கொடுங்கள். கூரான கருங்கல் விளிம்பு பெல்ட்டைக் கத்தரித்துவிடும். இரண்டு பெல்ட்டுக்கும் நடுவில் உள்ள கோணம் விரிய விரிய ஒவ்வொன்றிலும் இழுப்பு கூடும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு எடையையும் தாங்க வேண்டியதாகிவிடும். அதனால் பெல்ட் நீளமாக இருக்கட்டும், கோணம் குறுகலாக இருக்கட்டும். பாரம் ஆடாமல் பிடிக்க இரண்டு பக்கமும் கயிறு விட்டு ஆட்கள் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். கையால் கல்லைத் தொட்டுப் பிடிப்பது கூடாது.

தூக்குங்கள், நிறுத்துங்கள், பாருங்கள்

பிரேக் பெடல் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட்டு ஏறுங்கள். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது, அது மச்சானாகவே இருந்தாலும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் ரோல் பார் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். ரோல் பார் இல்லாத வண்டியில் உங்களை இருக்கையோடு கட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்று விரற்கடை உயரத்துக்குத் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். இப்போது விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் தள்ளி நின்று முன் டயரைக் குனிந்து பார்க்க வேண்டும். சாதாரணமாக நிற்கும்போது டயரின் அடிப்பகுதி தரையில் பட்டுப் பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். பாரம் ஏறியதும் அந்தப் பிதுக்கம் குறையும். முற்றிலும் போய், டயர் வட்டமாக நின்று, ரப்பர் மேடுகளின் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாரத்தை அங்கேயே இறக்கிவிடுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனை. முன்னைவிட வெகு சுலபமாகத் திரும்பினால் முன்னால் எடை இல்லை என்று பொருள். பவர் ஸ்டீயரிங் வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும், அங்கே டயரைத்தான் நம்ப வேண்டும். பின் டயரும் அளவுக்கு மேல் நசுங்கக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் அது தாங்கும் எடை அச்சிட்டிருக்கும்.

நகரும்போது பாரம் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். முதல் கியர் அல்லது இரண்டாவது, நடக்கிற வேகம். கிளட்சை மெதுவாக விடுங்கள். டக்கென்று விட்டால் அந்த உதறலே முன்சக்கரத்தைக் கிளப்பப் போதும். திரும்புவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள், திரும்பிக்கொண்டே அல்ல. ஹைட்ராலிக் லிவரைத் திடீரென்று இறக்கிப் பாதியில் நிறுத்தினாலும் பாரம் வண்டியை உதறும். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் மின்கம்பியை முன்கூட்டியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நீட்டிய கம்பம் மாட்டியிருந்தால் இது கட்டாயம்.

போகும்போது முன்சக்கரம் கிளம்பினால் கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கட்டும், கால் உடனே கிளட்சை மிதிக்கட்டும். முகம் இறங்கியதும் பாரத்தைத் தரைக்கு இறக்குங்கள். வண்டி பின்னோக்கிக் கவிழ ஒன்றரை நொடி போதும், யோசிக்க நேரம் கிடைக்காது. ஆகவே ஆள் இல்லாத பொட்டலில் வெறும் வண்டியில் கிளட்சையும் லிவரையும் கை கால் பழகும் வரை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். லோடர் வண்டி பக்கவாட்டில் சாய்வதாகத் தோன்றினால் செய்ய வேண்டியது பக்கெட்டைத் தாழ இறக்குவது.

கண்மாய்க்கரையும் சேறும்

சரிவில் ஒரே விதி: பாரம் இருக்கிற பக்கம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் பாரம் இருந்தால் கரையில் ரிவர்ஸில் ஏறுங்கள், இறங்கும்போது முன்னோக்கி இறங்குங்கள். லோடரில் பாரம் இருந்தால் முன்னோக்கி ஏறி, ரிவர்ஸில் இறங்குங்கள். குறுக்காகச் சரிவில் போகவே போகாதீர்கள். செம்மண் சரளை காய்ந்திருக்கும்போது பாறை போல் தெரிந்தாலும் மேலே உதிரிக்கல் உருளும். ஐப்பசி மழையில் நனைந்தால் வழுக்கும். கரையின் விளிம்பு வண்டி எடைக்குச் சரிந்துவிடும் என்பதால், கரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டுங்கள்.

கருவேலந்தூரை இழுப்பது தூக்குவதைவிட ஆபத்து. சங்கிலியை டிராபாரில், அதாவது பின்னால் தாழ உள்ள இழுவைச் சட்டத்தில், மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ அச்சின் மேலோ மாட்டினால், தூர் அசையாமல் பிடித்துக்கொள்ளும் தருணத்தில் இழுவை முழுவதும் வண்டியைப் பின்னோக்கிப் புரட்டும் வேலையாக மாறிவிடும். தூரைச் சுற்றித் தோண்டி, பக்க வேர்களை வெட்டிவிட்டு இழுங்கள். டிராக்டர் வேரை அறுக்கும் கருவி அல்ல.

சேற்றில் சக்கரம் புதைந்தால், பின்சக்கரத்தோடு கட்டையை வைத்துக் கட்டி முன்னோக்கி ஓட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் சுழற்சிக்கு வேறு வழியில்லை, சக்கரத்துக்குப் பதிலாக வண்டியே அச்சைச் சுற்றி எழும்பும். பாரத்தை அவிழ்த்து இறக்குங்கள், மண்ணைத் தோண்டி ரிவர்ஸில் வெளியே வாருங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

இறக்கிய பிறகு

பாரத்தைத் தூக்கிய நிலையில் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஹைட்ராலிக் சிறிது சிறிதாகக் கசிந்து பாரம் தானாக இறங்கும். அருகில் விளையாடும் பிள்ளைகள் லிவரைத் தொட்டாலும் இறங்கும். சட்டத்துக்கு அடியில் கையோ காலோ விட வேண்டியிருந்தால் முதலில் மரக்கட்டை அடுக்கி அதன்மேல் பாரத்தை உட்காரவைத்துவிட்டுத்தான்.

வேலை முடிந்தால் எதிர் எடையையும் கழற்றிவிடுங்கள். வருடம் முழுவதும் 100 கிலோவை முன்னால் சுமந்துகொண்டு திரிந்தால் டீசல் கூடும், முன் டயர் தேயும், உழவில் மண்ணும் இறுகும். வெயிட் தாங்கியின் போல்ட்டுகளை முதல் நாள் வேலைக்குப் பிறகு ஒரு தடவை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள், புது போல்ட் எப்போதும் கொஞ்சம் தளரும். கழற்றிய வெயிட்டுகளைத் தரையில் போடாமல் இரண்டு பலகையின் மேல், வண்டியின் முன்பக்கத் தாங்கி உயரத்துக்கு அடுக்கி வைத்தால் அடுத்த முறை ஒருவரே நகர்த்தி மாட்டிவிடலாம். கான்கிரீட் கட்டியை, வண்டி நேராக ரிவர்ஸில் வந்து மாட்டுகிற மாதிரி இடம் பார்த்து, லிங்க் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் இறக்குங்கள்.